கையொப்பம் வாங்கிய பின்னும் தீராத கடமை: அயல்நாட்டுக் கல்விப் பயணங்களும் பல்கலைக்கழகத்தின் சட்டப் பொறுப்பும்

2007ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹாட்ச்கிஸ் என்ற தனியார் உறைவிடப் பள்ளி, தன் மாணவர்கள் சிலரை மொழி கற்பதற்காகச் சீனாவுக்கு அழைத்துச் சென்றது. அந்தக் குழுவில் இருந்த 15 வயது மாணவி ஒருவர், பான் மலைக்குச் சென்ற ஒருநாள் சுற்றுலாவில், காடு அடர்ந்த பாதை வழியே நடந்து இறங்கினார். சில நாள்கள் கழித்துக் காய்ச்சல் கண்டது. உண்ணிக் கடியால் பரவும் மூளையழற்சி என்பது பின்னர் தெரியவந்தது. உயிர் பிழைத்தார், பேச்சை நிரந்தரமாக இழந்தார்.

பள்ளியின் மீது தொடரப்பட்ட வழக்கில், 2013இல் ஜூரி 4 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீட்டை விதித்தது. தொகையின் அளவு அப்போது தலைப்புச் செய்தியாயிற்று. ஆனால் வழக்கின் உயிர் சின்னச் சின்ன விவரங்களில்தான் இருக்கிறது. பயணத்துக்கு முன் பெற்றோருக்கு அனுப்பப்பட்ட மருத்துவக் குறிப்பில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் இணையப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு தரப்பட்டிருந்தது. அதைத் திறந்தால் சீனாவைப் பற்றிய பக்கம் வரவில்லை. மத்திய அமெரிக்காவைப் பற்றிய பக்கம் வந்தது. எடுத்துவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் பூச்சி விரட்டி 'இதர பொருள்கள்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. எதற்காக அது வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இவ்வளவு அரிதான நோயை யாரால் எதிர்பார்க்க முடியும் என்பது பள்ளியின் வாதம். மேல்முறையீட்டின்போது கூட்டாட்சி நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு 2017இல் விடையளித்த கனெக்டிகட் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அழைத்துச் செல்லும் பள்ளிக்கு, பூச்சிகளால் பரவும் கடும் நோய்களைப் பற்றி எச்சரிக்கவும் அவற்றிலிருந்து காக்கவும் நியாயமான முயற்சி எடுக்கும் கடமை உண்டு என்றது. 2018இல் தீர்ப்பு உறுதியாயிற்று.

இந்த வழக்கில் தொடர்புடையவர் வயது வராத பள்ளி மாணவி. பல்கலைக்கழக மாணவர்கள் பெரும்பாலும் வயது வந்தவர்கள் என்பதால், இந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்து அவர்கள் மீது பொருத்த முடியாது. இருந்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அயல்நாட்டுக் கல்வி அலுவலகங்கள் இதைக் கூர்ந்து படித்தன. காரணம், நிறுவனத்தின் கடமை எங்கே தவறுகிறது என்பதை இது துல்லியமாகக் காட்டியது. எந்த விபத்தும் நேராது என்ற உத்தரவாதத்தைச் சட்டம் யாரிடமும் கேட்கவில்லை. உனக்கு என்ன தெரிந்திருந்தது, எளிதாக என்ன தெரிந்திருக்க முடியும், தெரிந்ததை யாரிடம் சொன்னாய், செய்வதாகச் சொன்னதைச் செய்தாயா என்று கேட்கிறது. இந்தத் துறையின் முக்கியமான வழக்குகளில் பெரும்பாலானவற்றை இந்த நான்கு கேள்விகளின் வழியே படித்துவிடலாம் என்பது என் கணிப்பு. இந்தச் சட்டம் மிக விரிவாக வளர்ந்திருப்பது அமெரிக்காவில் என்பதால், இக்கட்டுரையும் அங்கேயே நிற்கிறது. 2018-19 கல்வியாண்டில் மட்டும் அந்நாட்டிலிருந்து 3,47,099 மாணவர்கள் கல்விக்காக வெளிநாடு சென்றனர்.

கடமை எங்கிருந்து பிறக்கிறது

அமெரிக்கக் கல்லூரிகள் ஒருகாலத்தில் பெற்றோரின் இடத்தில் நின்றன. மாணவர் எப்போது அறைக்குத் திரும்ப வேண்டும், யாரைச் சந்திக்கலாம் என்பது வரை கல்லூரியே தீர்மானித்தது. அந்த அதிகாரத்தை நீதிமன்றங்களும் மதித்தன. 1961இல் அலபாமாவில், நிறவெறிக்கு எதிரான உள்ளிருப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக விசாரணையின்றி வெளியேற்றப்பட்ட கறுப்பின மாணவர்கள் தொடர்ந்த டிக்சன் வழக்கில், அவர்கள் பக்கம் நின்ற நீதிமன்றம், வயது வந்த மாணவருக்கு உரிமைகள் உண்டு என்றது. உரிமை வந்தபோது பாதுகாப்பு பின்வாங்கியது. வயது வந்தவர் என்றால் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியவர் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றங்கள் எடுக்கத் தொடங்கின. 1986இல் யூட்டா உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பீச் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல்கலைக்கழகம் நடத்திய உயிரியல் களப்பயணத்தில், மது அருந்தியிருந்த மாணவி இரவில் முகாமிலிருந்து விலகிச் சென்று பாறைச் சரிவில் விழுந்து உடல் செயலிழந்தார். அவரைக் காக்கும் தனிக் கடமை பல்கலைக்கழகத்துக்கு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது.

அந்த நிலைப்பாடு நீடிக்கவில்லை. 2018இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வகுப்பறையிலும் பாடத்திட்டத்தோடு இணைந்த செயல்பாடுகளிலும் மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே சிறப்பு உறவு ஒன்று உண்டு என்றும், முன்கூட்டியே உணரத்தக்க வன்முறையிலிருந்து மாணவரைக் காக்க நியாயமான கவனம் எடுப்பது அதனால் கடமையாகிறது என்றும் அறிவித்தது. மற்ற மாநிலங்கள் அனைத்தும் இதே வழியில் செல்லவில்லை. ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது.

அயல்நாட்டுப் பயணத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. சொந்த வளாகத்தில் படிக்கும் மாணவர் தன் அறையையும் மருத்துவரையும் பேருந்தையும் தானே தேர்ந்தெடுக்கிறார், ஊரை அறிவார், மொழியை அறிவார். அவரே பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு நாட்டுக்குச் செல்லும்போது, தங்குமிடம், வாகனம், பயண நேரம், மொழிபெயர்ப்பாளர், மருத்துவமனை என அனைத்தையும் வேறு யாரோ தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாடு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு கூடும் அதன் கடமையும். 'வயது வந்தவர்தானே' என்ற பழைய வாதம் இங்கே வலுவிழப்பது இதனால்தான். குழுவை வழிநடத்தும் பேராசிரியர் அங்கே பாடம் நடத்துபவர் மட்டுமல்லர். பல்கலைக்கழகத்தின் முகவரும் அவரே. இரவு பதினொரு மணிக்கு அவர் எடுக்கும் முடிவு பல்கலைக்கழகத்தின் முடிவாகவே நீதிமன்றத்தில் படிக்கப்படும்.

மூன்று வழக்குகள்

பெருவில் நடந்தது முதலாவது. பென்சில்வேனியாவில் உள்ள தீல் கல்லூரியின் மாணவி ஒருவர் அங்கே கல்விப் பயணத்தின் நடுவில் நோயுற்றார். உள்ளூர் மருத்துவமனை ஒன்றில் அவரைச் சேர்த்த பேராசிரியர்கள், ஒரு மொழிபெயர்ப்பாளரின் துணையில் அவரை விட்டுவிட்டு, மற்ற மாணவர்களோடு பயணத்தைத் தொடர்ந்தனர். தேவையற்ற அறுவை சிகிச்சைக்குத் தான் உட்படுத்தப்பட்டதாகவும், மருத்துவரால் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகவும் மாணவி முறையிட்டார். எது நேர்ந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல என்று பயணத்துக்கு முன் அவர் கையொப்பமிட்ட பத்திரத்தைக் கல்லூரி முன்வைத்தது. 2001இல் அந்த மாநில நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பேரம் பேச வழியின்றி, 'போட்டால் பயணம், போடாவிட்டால் இல்லை' என்ற நிலையில் வாங்கிய கையொப்பம் அது என்றது. பேராசிரியர்களின் மேற்பார்வையில் இருந்த மாணவியோடு கல்லூரிக்குச் சிறப்பு உறவு இருந்தது என்றும் கண்டது. பயணத் திட்டத்தைக் குலைக்கக்கூடாது என்ற தவிப்பு ஒரு பேராசிரியருக்கு எவ்வளவு இயல்பானது என்பதை அத்தகைய பயணம் சென்ற எவரும் அறிவர். அதனால்தான், நோயுற்றவரோடு யார் தங்குவது, மற்றவர்களை யார் அழைத்துச் செல்வது என்பது விமானம் ஏறும் முன்பே எழுத்தில் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் மட்டுமே செல்லும் குழுவுக்கு இந்தக் கேள்விக்கு விடையே இல்லை.

இரண்டாவது மெக்சிகோவின் குவெர்னவாகாவில். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் சென்ற மாணவி ஒருவர், தான் ஏறிய வாடகைக் காரின் ஓட்டுநரால் வன்முறைக்கு ஆளானார். தங்கும் வீடுகள் வகுப்பிடத்துக்கு அருகில் இருந்திருக்க வேண்டும், போக்குவரத்து ஏற்பாடு செய்யப்பட்டிருக்க வேண்டும், எச்சரிக்கை போதாது என்பவை அவர் தரப்பு. 1999இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரண்டு காரணங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தின் கொள்கை முடிவுகளுக்குச் சட்டம் தரும் விலக்குரிமை ஒன்று. வாடகைக் கார்களின் ஆபத்தைப் பற்றி மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. விலக்குரிமை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் கிடைப்பது, மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது; அதை நம்பித் திட்டம் வகுக்க முடியாது. முன்னறிவிப்பு எந்த நிறுவனத்தின் கைக்கும் எட்டுவது.

மூன்றாவதில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தங்கியிருந்த குடியிருப்பின் ஆறாவது மாடி முகப்பின் (பால்கனியின்) கைப்பிடி உடைந்ததில் கீழே விழுந்து படுகாயமுற்றார். கல்லூரி நேரடியாக நடத்திய திட்டமில்லை அது. இடைநிலை நிறுவனம் ஒன்று நடத்தியது. அமெரிக்காவில் மாணவர்களைச் சேர்ப்பது அந்நிறுவனத்தின் ஒரு கிளை, ஃபிளாரன்ஸில் வீடு பிடித்துத் தருவது அதன் பிரிட்டிஷ் கிளை. பிரிட்டிஷ் கிளை மீது கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடர முடியுமா என்பது கேள்வி. முடியும் என்று 2004இல் நீதிமன்றம் சொன்னது. இந்த வழக்கின் பாடம் ஒப்பந்தங்களைப் பற்றியது. கல்லூரி, இடைநிலை நிறுவனம், அதன் வெளிநாட்டுக் கிளை, உள்ளூர் வீட்டு உரிமையாளர் என்று நீளும் சங்கிலியில், முகப்பின் கைப்பிடியை அசைத்துப் பார்க்க வேண்டியவர் யார் என்று ஏதாவது ஓர் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் ஈட்டுறுதி விதிகள், அதாவது இழப்பை யார் ஈடுகட்டுவது என்ற விதிகள், பக்கம் பக்கமாக இருக்கும். ஆய்வு யார் பொறுப்பு என்ற ஒற்றை வரி இருக்காது.

பொறுப்புத் துறப்புப் பத்திரம் எதற்கு உதவும்

பயணத்துக்கு முன் மாணவரிடம் வாங்கும் பொறுப்புத் துறப்புப் பத்திரத்தைப் பெரிய கவசமாக நம்பும் நிர்வாகங்கள் உண்டு. அந்தப் பத்திரத்தின் வலிமை மாநில எல்லையைத் தாண்டினாலே மாறிவிடும். உடற்காயத்துக்கான பொறுப்பை முன்கூட்டியே துறக்கும் ஒப்பந்தங்களை வர்ஜீனியா, லூசியானா, மொன்டானா ஆகிய மாநிலங்கள் ஏற்பதில்லை. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1963இலேயே டங்கள் வழக்கில், பொதுநலன் சார்ந்த சேவைகளில் இத்தகைய துறப்பு செல்லாது என்று கூறி, எவை பொதுநலன் சார்ந்தவை என்று பார்ப்பதற்கான அளவுகோல்களையும் வகுத்தது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பாக நின்றது ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை என்பதும் நினைவுகூரத்தக்கது. பத்திரம் செல்லும் மாநிலங்களிலும், சாதாரணக் கவனக்குறைவைத் தாண்டிய கடும் அலட்சியத்தை அது பொதுவாகக் காப்பதில்லை. வயது வராதவருக்காகப் பெற்றோர் இடும் கையொப்பம் பல மாநிலங்களில் பிள்ளையின் உரிமையை அழிக்காது.

ஆனாலும் பத்திரத்தைக் கைவிடச் சொல்வது சரியாகாது. அதற்கு வேறொரு பயன் உண்டு: என்ன ஆபத்து என்று சொல்லப்பட்டது, அதை அறிந்தே மாணவர் வந்தார் என்பதற்கு அது சான்றாக நிற்கும். 'பயணத்தில் எதிர்பாராத ஆபத்துகள் இருக்கலாம்' என்ற பொதுவான வாக்கியத்துக்கு இந்த மதிப்பு கிடையாது. 'நீங்கள் தங்கும் ஊரில் இருட்டிய பின் மலைப்பாதையில் பேருந்தில் செல்வது ஆபத்தானது. உண்ணிகள் உள்ள காட்டுப் பகுதிக்கு இரண்டாம் வாரம் செல்கிறோம், முழுக்கை உடையும் பூச்சி விரட்டியும் கட்டாயம்' என்று எழுதிய பத்திரத்துக்கு உண்டு. இப்படி எழுத வேண்டுமானால், எழுதுபவர் அந்த இடத்தைப் பற்றி உண்மையில் விசாரித்திருக்க வேண்டும். நல்ல பத்திரம் மாணவரைக் காக்கவும் உதவுகிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

கொடுத்த வாக்குறுதிக்கும் இதே கனம் உண்டு. லூயிஸ் அண்டு கிளார்க் கல்லூரியின் ஆஸ்திரேலியத் திட்டத்தில், சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் மாணவி ஒருவர் சேர்ந்தார். தேவையான வசதிகள் செய்து தரப்படும் என்ற உறுதியோடு சென்றவரால் சில நிகழ்ச்சிகளில் மற்றவர்களோடு சேர்ந்து பங்கேற்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்களின்கீழ் அவர் வெல்லவில்லை. திட்டத்தை முழுமையாகப் பார்த்தால் கல்லூரி நியாயமான வசதிகளைச் செய்திருந்தது என்று 2002இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. ஆனால் அவர் வைத்த நம்பிக்கையைக் கல்லூரி காக்கத் தவறியது என்ற ஜூரியின் முடிவையும், அதற்கான 5,000 டாலர் இழப்பீட்டையும் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. தொகை சிறியது. சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றைக்கூட வாய் நிறைய வாக்களித்தால் அது கடனாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

எல்லை தாண்டும் சட்டங்கள், தாண்டாதவை

பாலியல் துன்புறுத்தலைக் கையாளும் 'டைட்டில் நைன்' சட்டம் அயல்நாட்டுத் திட்டங்களுக்குப் பொருந்துமா என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீளும் குழப்பம். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவிகள், உடன் வந்த மாணவர்களின் துன்புறுத்தலைப் பற்றித் தொடர்ந்த வழக்கில், பொருந்தும் என்று 2002இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2007இல் நியூயார்க்கில் இன்னொரு நீதிமன்றம், பொருந்தாது என்றது. 2020இல் நடைமுறைக்கு வந்த கல்வித் துறையின் விதிகள், அமெரிக்காவுக்குள் இருக்கும் ஒருவருக்கு எதிரான செயல் என்ற எல்லையைக் கோடு போட்டுக் காட்டின. 2024இல் வந்த விதிகள் அந்தக் கோட்டை ஓரளவு தளர்த்தின. 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. இத்தனை ஊசலாட்டத்துக்கு நடுவே, சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று ஒரு பல்கலைக்கழகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அது பெரும் தவறு. அதன் சொந்த மாணவர் நடத்தை விதிகள் எல்லைக்கு வெளியேயும் செல்லும். முறையீட்டைக் கேட்டு, விசாரித்து, முறையிட்டவருக்குத் தங்குமிடத்தையோ வகுப்பையோ மாற்றித் தருவதை எந்தக் கூட்டாட்சி விதியும் தடுக்கவில்லை.

வளாகக் குற்றங்களின் புள்ளிவிவரத்தை வெளியிடக் கட்டாயப்படுத்தும் 1990ஆம் ஆண்டின் கிளேரி சட்டம் வேறு மாதிரி. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான, அல்லது குத்தகையால் அதன் கட்டுப்பாட்டில் உள்ள, மாணவர்கள் அடிக்கடி பயன்படுத்தும் கட்டடம் வெளிநாட்டில் இருந்தாலும் கணக்கில் வரும். ஃபிளாரன்ஸிலோ லண்டனிலோ நிரந்தர மையம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாணவர் ஆவணங்களின் தனியுரிமையைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டமும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேரும் அவசரத்தில் பெற்றோரிடம் தகவல் சொல்ல அது தெளிவாகவே இடம் தருகிறது. தனியுரிமையைக் காரணம் காட்டி, மருத்துவமனையில் கிடக்கும் மாணவரின் பெற்றோரிடம் அலுவலகம் பேச மறுப்பது அச்சட்டத்தைப் படிக்காததன் விளைவு.

போய்ச் சேரும் நாட்டின் சட்டம் இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. கவனக்குறைவுக் கோளாறுக்கு அமெரிக்காவில் மருத்துவர் சீட்டோடு வாங்கும் அடெரால் மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டுசெல்வது குற்றம். அதில் உள்ள ஆம்ஃபெட்டமின் அங்கே முற்றாகத் தடைசெய்யப்பட்டது, மருத்துவர் சீட்டு காப்பாற்றாது. கைதான மாணவரைத் தூதரகத்தால் சிறையிலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை தருவது, தூதரகத்துக்குத் தகவல் சொல்லவும் அதிகாரிகள் வந்து பார்க்கவும் உள்ள உரிமையை மட்டுமே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மையம் நடத்துபவர்கள், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, அங்கே சேகரிக்கும் மாணவரின் மருத்துவத் தகவலைத் தனிக் கவனத்தோடு கையாள வேண்டியிருக்கிறது.

சாலையும் காப்பீடும்

ஆபத்து மேலாண்மை என்றதும் பயங்கரவாதமும் கடத்தலும் நினைவுக்கு வருகின்றன. மாணவர்களைக் கொல்வது பெரும்பாலும் சாலை, நீர், மது, உயரமான மாடிகள் ஆகியவைதாம். 1996 மார்ச் மாதம், கப்பலில் உலகைச் சுற்றியபடி பாடம் நடத்தும் 'செமஸ்டர் அட் சீ' திட்டத்தின் மாணவர்கள், டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு இரவில் சென்ற பேருந்து கவிழ்ந்ததில் அமெரிக்க மாணவிகள் நால்வர் உயிரிழந்தனர். 2012 மே மாதம் நியூசிலாந்தில், பாஸ்டன் பல்கலைக்கழகத் திட்டத்தின் மாணவர்கள் சென்ற வேன் கவிழ்ந்து மூவர் இறந்தனர். 1998 ஜனவரியில் குவாத்தமாலாவில், மேரிலாந்தின் செயின்ட் மேரிஸ் கல்லூரிக் குழு சென்ற பேருந்தை ஆயுதமேந்திய கொள்ளையர் மறித்தனர். மாணவிகள் ஐவர் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். அவர்களில் மூவர் தொடர்ந்த வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. எந்தச் சாலை, எந்த நேரம், என்ன பாதுகாப்பு என்பதே மூன்று நிகழ்வுகளும் எழுப்பும் கேள்வி. இருட்டிய பின் நெடுஞ்சாலைப் பயணம் இல்லை, மாணவர் வாகனம் ஓட்டக்கூடாது, ஓட்டுநருக்கு ஓய்வு நேரம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்று விதிகளை ஒரு பல்கலைக்கழகம் உறுதியாகக் கடைப்பிடித்தால், நூறு பக்க நெருக்கடிக் கையேட்டைவிட அதிக உயிர்களை அது காக்கும் என்று நம்புகிறேன்.

அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 ஜனவரி முதல் நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரித்துப் பயண அறிவுரை வெளியிடுகிறது. மூன்றாம் நிலை 'பயணத்தை மறுபரிசீலனை செய்க', நான்காம் நிலை 'செல்ல வேண்டாம்'. பல பல்கலைக்கழகங்கள் இந்த எண்களையே தங்கள் விதியாக்கிக்கொண்டன. எண் வசதியானது, போதுமானது ஆகாது. ஒரே நாட்டுக்குள் எல்லை மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் இடையே வானளவு வேறுபாடு இருக்கும்; அறிவுரையின் உள்ளே அது எழுதியும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து, உள்ளே எழுதியதைப் படிக்காமல் விட்ட நிர்வாகத்திடம் 'எளிதாக என்ன தெரிந்திருக்க முடியும்' என்ற கேள்வி மீண்டும் வந்து நிற்கும்.

காப்பீட்டில் இந்த எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. மருத்துவக் காரணத்துக்காக வெளியேற்றும் செலவு 50,000 டாலரை எளிதில் தாண்டக்கூடும் என்பதால், அதற்கான காப்பீட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் வாங்குகின்றன. போர், கலவரம், நிலநடுக்கம் போன்ற காரணங்களால் வெளியேற்றுவது தனிப் பிரிவு. பல பாலிசிகளில் அது அரசு முறைப்படி 'வெளியேறுக' என்று அறிவித்த பிறகுதான் செயல்படும். மாணவர் போய்ச் சேரும் முன்பே எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்டுக்குச் செயல்படாமலே போகலாம். பல்கலைக்கழகம் தானே முந்திக்கொண்டு மாணவர்களை அழைத்துவர முடிவெடுத்தால், செலவு அதன் பையிலிருந்தே போகும். கொரோனா பரவத் தொடங்கிய 2020 பிப்ரவரியில் இத்தாலியிலிருந்து மாணவர்களைத் திரும்ப அழைத்த பல்கலைக்கழகங்கள் இந்த முடிவை நேருக்கு நேர் சந்தித்தன. உலகம் முழுவதற்குமான நான்காம் நிலை அறிவுரை மார்ச் 19 அன்றுதான் வந்தது. காப்பீடு செயல்படும் நாளுக்காகக் காத்திருப்பது பாதுகாப்பான முடிவு அல்ல. காத்திருக்காமல் செலவழிக்க ஒரு நிதியையும், அதைச் செலவழிக்க அதிகாரம் உள்ள ஒருவரையும் முன்பே குறித்து வைப்பதுதான் மேலாண்மை. பாலிசி ஆவணத்தை முழுதாகப் படித்த ஒருவர் அயல்நாட்டுக் கல்வி அலுவலகத்தில் இருக்கிறாரா என்பது எளிய கேள்வி. கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

மனநலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விண்ணப்பத்தின்போதே மருத்துவ வரலாற்றைக் கேட்டு அதன் அடிப்படையில் சேர்க்க மறுப்பது பாகுபாடாகிவிடும். அதனால் இடம் உறுதியான பின்னரே உடல், மனநலத் தகவல் படிவம் அனுப்பப்படுகிறது. இந்த வரிசை சரியானது. ஆனால் அந்தப் படிவம் கோப்பில் போய் அமர்ந்துவிட்டால், தெரிந்தும் செயல்படாத நிலையை நிறுவனம் தன் கையாலேயே எழுதி வைத்ததாகும். படிவத்தைக் கேட்பவர், அதைப் படித்து மாணவரோடு பேசவும், அந்த ஊரில் எந்த மருத்துவர் எந்த மொழியில் சிகிச்சை தருவார், மருந்து அங்கே கிடைக்குமா என்று தேடவும் ஆள் வைத்திருக்க வேண்டும்.

கணக்கில் வராத இறப்புகள்

வெளிநாட்டுக் கல்வித் திட்டங்களில் எத்தனை மாணவர்கள் இறக்கிறார்கள், எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள் என்பதை எல்லா நிறுவனங்களும் வெளியிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகின்றன. 2014இல் மினசோட்டா, தன் மாநிலத்தின் உயர்கல்வி நிறுவனங்கள் இந்த விவரத்தை ஆண்டுதோறும் மாநிலச் செயலரிடம் அளிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அவ்வாறு செய்த முதல் மாநிலம் அது. நாடாளுமன்றத்தில் இதே நோக்கத்தோடு மசோதா முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை.

இந்தக் கணக்கு நிறுவனங்களுக்கு எதிரானது என்ற அச்சம் நிர்வாகங்களிடையே இருக்கிறது. வெளிநாட்டில் படிப்பது சொந்த வளாகத்தில் படிப்பதைவிட ஆபத்தானது அல்ல என்று அவை அடிக்கடி சொல்வது உண்மையாகவே இருக்கக்கூடும். அப்படியானால் கணக்கு அவர்களுக்குத் துணைநிற்கும். ஒரு நதிக்கரையில், ஒரு மலைச்சாலையில், ஒரு குறிப்பிட்ட விடுதியின் மாடியில் முன்பு நடந்த விபத்து அடுத்த நிறுவனத்துக்குத் தெரியாமல் இருப்பதால் யாருக்கும் இலாபம் இல்லை. இன்று ஒரு பெற்றோர், தம் பிள்ளை செல்லவிருக்கும் திட்டத்தில் கடந்த பத்தாண்டுகளில் என்னென்ன நடந்தன என்று கேட்டால், மினசோட்டாவைப் போன்ற ஏற்பாடு இல்லாத இடங்களில், பல்கலைக்கழகம் தானாக முன்வந்து சொன்னாலொழிய அவருக்கு விடை கிடைக்காது.